அமரர் அக்காவின் சிரிப்பு

ஸ்டுடியோவில் எல்லோரும் அவளை 'அமரர் அக்கா' என்றுதான் கூப்பிட்டார்கள். கேலிதான், ஆனால் மரியாதையான கேலி. இந்திப் படங்களில் நடிக்க வந்த நாள் முதல் அவள் செய்த வேலை ஒன்றே ஒன்று: சாவது. கதாநாயகனின் அம்மாவாகச் செத்தாள், கதாநாயகியின் அக்காவாகச் செத்தாள், ஒரு வில்லனின் முதல் மனைவியாகப் படம் தொடங்கும் முன்பே செத்துச் சுவரில் போட்டோவாகத் தொங்கினாள். காசநோய், கார் விபத்து, மாடிப்படி, விஷம் என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. வீட்டுக்காரர் மருந்துக்கடை வைத்திருந்தார். அதனாலும் ஒரு பயனும் இல்லை.

"நல்லவ முகம், இடைவேளைக்கு மேல தாங்காது" என்பார்கள் தயாரிப்பாளர்கள். அவர்கள் முகத்தைப் பற்றி யாரும் அபிப்பிராயம் கேட்டதில்லை.

அவள் இதற்காக அலட்டிக்கொள்ளவில்லை. சாவுக் காட்சியில் மற்றவர்கள் தொண்டை கிழிய அழ வேண்டும், பக்கம் பக்கமாக வசனம் பேச வேண்டும். இவள் மூச்சை அடக்கிப் படுத்திருந்தால் போதும். சில நாள் அசந்து தூங்கியும் போயிருக்கிறாள். அன்றைக்கு நடிப்பு பிரமாதம் என்று டைரக்டரே மெச்சிக்கொண்டார்.

சங்கடம் வீட்டில்தான் வந்தது. மகளுக்கு ஆறு வயதில் அப்பா அவளைத் தியேட்டருக்குக் கூட்டிக்கொண்டு போனார். மருந்து விஷயத்தில் இருக்கும் முன்யோசனை அந்த மனிதருக்கு வேறெதிலும் கிடையாது. திரையில் அம்மா மாடிப்படியில் உருண்டு செத்தாள். குழந்தை வீறிட்டதில் பாதித் தியேட்டர் எழுந்து நின்றது. வீட்டுக்கு வந்தால் செத்துப்போன அம்மா கதவைத் திறக்கிறாள். குழந்தை அவள் கிட்டேயே போகவில்லை. ராத்திரியே காய்ச்சல் கண்டது.

காய்ச்சல் விடாமல் போகவே, அம்மா அவளைத் தூக்கிக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் போனாள். அங்கே ஒரு வழக்கம் உண்டு. செத்தவராக நடித்தவர், ஷாட் முடிந்ததும் எழுந்து கேமராவைப் பார்த்து ஒரு முறை சிரிக்க வேண்டும். கெட்டது ஒட்டிக்கொள்ளக் கூடாதாம். கேமராமேன் அதையும் படம் பிடிப்பார். எடிட்டர் பிறகு அதை வெட்டி எறிந்துவிடுவார். குழந்தை அன்று பார்த்தாள். அம்மா செத்தாள், அம்மா சிரித்தாள். காய்ச்சல் இறங்கிவிட்டது.

"ஒவ்வொரு தடவையும் சிரிப்பியா?"

"சிரிப்பேன்டி தங்கம்."

"மறக்கக் கூடாது."

ஆனால் தியேட்டருக்கு மட்டும் வர மாட்டேன் என்றுவிட்டாள். "அங்க சிரிப்ப வெட்டிடறாங்க. வெட்டிட்டா நீ செத்தவதானே?" மகள் வளர்ந்தாள், பல் டாக்டர் ஆனாள், கல்யாணமும் ஆயிற்று. அம்மா நடித்த படம் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை. அம்மா சாகிற நாளில் போன் மட்டும் தவறாமல் வரும்.

"சிரிச்சியாம்மா?"

"சிரிச்சேன்."

"சரி, வெச்சிடறேன். பேஷன்ட் வாயைத் திறந்துகிட்டு உக்காந்திருக்கார்."

அமரர் அக்காவுக்குப் பட்டம், பரிசு எதிலும் நாட்டம் இல்லை. மகள் ஒரே ஒரு தடவை தியேட்டரில் உட்கார்ந்து தன் நடிப்பைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

தலை முழுக்க நரைத்த பிறகு ஒரு சின்னப் பெண் டைரக்டர் கதை சொல்ல வந்தாள். "இதுல நீங்க சாகவே இல்லக்கா."

"இடைவேளைக்கு அப்புறம்?"

"இருக்கீங்க."

"கிளைமாக்ஸ்ல?"

"உங்க மேலதான் படமே முடியுது."

அக்காவுக்கு நம்பிக்கை வரவில்லை. முழுக் கதையையும் மறுபடி சொல்லவைத்துக் கேட்டுவிட்டுத்தான் மகளுக்குப் போன் போட்டாள். "நிஜமாவே சாகலையா?" என்றாள் மகள். "சத்தியமா." "அப்ப வர்றேன்."

கடைசி ஷாட். பிள்ளைகள் வீட்டை விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். காலி அறையில் தாய் நாற்காலியில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அக்கா பார்த்தாள். இமைகூட அசையவில்லை. ஆனால் அவ்வளவு நேரம் அசையாமல் இருந்த பிறகு அந்த உடம்புக்குத் தெரிந்த அடுத்த வேலை ஒன்றுதான். கேமரா பக்கம் திரும்பி நன்றாகச் சிரித்துவிட்டாள். டைரக்டர் இன்னும் கட் சொல்லவில்லை.

"ஐயோ, பழக்கதோஷம்மா. இன்னொரு தடவை எடுத்துடலாம்" என்று கையைப் பிசைந்தாள். எடுத்தார்கள். ஆனால் டைரக்டருக்கு முதலில் எடுத்ததுதான் பிடித்திருந்தது.

"அது வேணாம்மா. என் பொண்ணு வர்றா. செத்தாத்தான் நான் அப்படிச் சிரிப்பேன்னு அவளுக்குத் தெரியும். அந்தச் சிரிப்பப் பாத்தா, நான் இதுலயும் செத்துட்டேன்னு நெனச்சுக்குவா."

டைரக்டருக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. "பார்க்கலாம்க்கா" என்றாள். சினிமாவில் 'பார்க்கலாம்' என்றால் என்ன அர்த்தம் என்று அக்காவுக்கு நன்றாகவே தெரியும்.

தியேட்டரில் மகள் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டுதான் உட்கார்ந்தாள். இடைவேளை தாண்டியும் அம்மா உயிரோடு இருந்ததும் பிடி கொஞ்சம் தளர்ந்தது. கடைசிக் காட்சி வந்தபோது அக்கா திரையைப் பார்க்கவில்லை, மகள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலி அறை. ஜன்னல். பிறகு திரை முழுக்க அந்தச் சிரிப்பு. கூட்டம் கைதட்டியது. "என்னமா நடிச்சிருக்கா" என்றார் பின்வரிசையில் ஒருவர்.

மகளின் கன்னமெல்லாம் ஈரம்.

"தங்கம், நான் சாகலடி. பழக்கத்துல சிரிச்சுட்டேன். வெட்டச் சொன்னேன், அந்தப் பொண்ணு கேக்கல."

"தெரியும்மா." மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "ஆறு வயசுலேருந்து காத்துக்கிட்டிருக்கேன். இந்த ஒரு தடவையாவது வெட்டாம விட்டாங்களே."

விளக்கு போட்டார்கள். அமரர் அக்காவுக்குச் செத்துத்தான் பழக்கம், அழுது பழக்கமில்லை. அதனால் கொஞ்சம் சத்தமாகவே அழுதுவிட்டாள்.