ஆறாவது வரி

எண்பதுகளின் நடுவில் ஏரியூருக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் நான் ஆரம்பப் பள்ளி டீச்சர். ஈஸ்டர் முடிந்த மறுநாள் சாயங்காலம் மாதா கோயில் மேடையில் வருடா வருடம் நாடகம் நடக்கும். திரைக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, மறந்தவர்களுக்கு வசனம் எடுத்துக் கொடுப்பது என் வேலை. எல்லாருடைய வசனமும் எனக்கு மனப்பாடம். ஆனால் மேடை ஏற முடியாது. பெண் வேடத்துக்கும் ஆண்கள்தான். அம்மா வேடத்துக்கு ஒரு பஸ் கண்டக்டர் மீசையை வழித்துவிட்டு வந்து நிற்பார். அவர் அழும்போது எனக்குச் சிரிப்பு வரும். சிரித்து முடித்ததும் வயிற்றெரிச்சலாக இருக்கும்.

அந்த வருடம் புது நாடகம் வேண்டும் என்று நாடகக் குழுவில் பேச்சு வந்தது. பங்குச் சாமியார் தன் அலமாரியைத் திறந்துவிட்டு, "இங்கிலீஷ் புக்கு நெறய கெடக்குது, பாருங்க டீச்சர்" என்றார். முன்பிருந்த வெளிநாட்டுச் சாமியார் விட்டுப்போனவை. அதில் ஒரு மெல்லிய நாடகப் புத்தகம் இருந்தது. தென்னாப்பிரிக்காவில் ஆப்பிரிக்கான்ஸ் என்ற மொழியில் எழுதப்பட்டு ஆங்கிலத்துக்கு வந்தது. மழை பொய்த்த ஊர். மகன் சுரங்க வேலைக்குப் போகிறான். அம்மா நிலத்தை விடமாட்டேன் என்கிறாள். சுரங்கத்தைப் பெங்களூர் என்று மாற்றினால் எங்கள் ஊர்க் கதைதான்.

என்னைப் பிடித்துக்கொண்டது என்னவோ நாடகத்துக்கு முந்தைய பக்கம். அது எங்கெங்கே மேடையேறியது என்று ஐந்து வரி. முதலில் ஒரு நகர மண்டபம். பிறகு ஆட்டுப் பண்ணையில் கம்பளி அடுக்கும் கொட்டகை. மூன்றாவது ஒரு பள்ளிக்கூடம். நாலாவது, அதே மொழி பேசுகிற, வெள்ளையர் அல்லாதவர்களின் கோயில் கூடம். ஐந்தாவது மறுபடியும் நகரம். ஊரும் இடமும் வருடமும் மட்டும்தான். நடித்தவர்களைப் பற்றி ஒரு சொல் இல்லை. கொட்டகையில் நாடகம் என்றால் ஆடுகளை எங்கே ஓட்டியிருப்பார்கள்? அம்மாவாக நின்றது யார்? பள்ளிக்கூடத்தில் டீச்சர்களே நடித்தார்களா? யாரைக் கேட்பது? மறுநாள் வகுப்பில் உலகப்படத்தை விரித்து அந்த ஊர்களைத் தேடிக்கொண்டிருந்தேன். பிள்ளைகளுக்குப் பாடம் நடக்கவில்லை, அவர்களுக்கு அதில் வருத்தமும் இல்லை.

மொழிபெயர்த்து முடித்து, குழுவில் அந்தப் பக்கத்தையும் சேர்த்தே வாசித்தேன். கதையைவிட அதற்குத்தான் கேள்விகள் அதிகம்.

"அந்த பாஷ கன்னடமாட்டம் இருக்குங்களா?"

"கறுப்பு ஆளுங்கள பக்கத்துல சேக்காத ஊருன்னு பேப்பர்ல போடுறான். அவன் நாடகம் நமக்கெதுக்குங்க?" என்றார் குழுத் தலைவரான மாந்தோப்புக்காரர்.

நாலாவது வரியைக் காட்டினேன். "அவங்க கோயில்லயும் போட்டிருக்காங்க. அந்த பாஷ அவங்களுதும்தாங்க." அவர் யோசித்துவிட்டுத் தலையாட்டினார்.

அப்போது கண்டக்டர் கேட்டார். "அம்மா வேசம் அங்க யாரு கட்டுனாங்க டீச்சர்?"

நான் வாயைத் திறந்தேன், பொய் வந்தது. "மூணாவது தடவ ஒரு டீச்சருங்க. இங்க போட்டிருக்குது." விரலை வைத்துக்கூடக் காட்டினேன். அந்தப் புத்தகத்தைப் படிக்கக்கூடியவர்கள் அந்த அறையில் இரண்டே பேர். ஒருத்தி நான். இன்னொருவர் சாமியார். அவர் மூலையில் உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"கல்யாணமாவாத பொண்ணு மேடையேறுனா ஊரு என்ன பேசும்?" என்று தலைவர் இழுத்தார். என்னைத்தான் சொல்கிறார் என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

காப்பாற்றியவர் கண்டக்டர். "பதினோரு வருசமா மீசைய எடுக்கறேங்க. எம் பொண்டாட்டி திட்டாத வருசமில்ல. டீச்சரே கட்டட்டும். நான் கட்டியக்காரனா மொதல்ல வந்து சேதி சொல்லிட்டுப் போறேன்." கூத்தில் கட்டியக்காரன் வந்து சொல்லாமல் எந்தக் கதையும் தொடங்காது. தலைவர் சாமியாரைப் பார்த்தார். சாமியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "செய்யட்டுமே" என்றார்.

நாடகத்தன்று கண்டக்டர் மீசையை முறுக்கிக்கொண்டு மைக் முன்னால் நின்றார். ஐந்து ஊர்களையும் பஸ் நிறுத்தங்களைப் போலவே கூவினார். மூன்றாவதில் மட்டும் நிறுத்தி, "அங்க அம்மா வேசம் கட்டுனது ஒரு டீச்சருங்கோ!" என்றார். என் பொய் ஒலிபெருக்கி வழியாக ஊர் முழுக்கப் போனது. அந்தக் கூச்சத்தோடு மேடைக்கு வந்து நின்றேன். முதல் வசனமே மறந்துவிட்டது. எடுத்துக் கொடுக்கப் பின்னால் ஆளில்லை; அந்த ஸ்டூலில் உட்காரவேண்டியவள் நான்தானே.

"இந்த மண்ணு எங்கயும் போவாது," என்று திரைக்குப் பின்னாலிருந்து மெதுவாக ஒரு குரல் வந்தது. சாமியாருடையது. பிடித்துக்கொண்டேன். அதற்குப் பிறகு ஒரு சொல் தவறவில்லை. மகன் மூட்டையோடு கிளம்பியபோது பெண்கள் பக்கம் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது. அவ்வளவு சந்தோஷம் எனக்கு அதற்கு முன் கிடைத்ததில்லை.

மறுநாளே புத்தகத்தை அலமாரியில் பழைய புத்தகங்களுக்கு அடியில் செருகிவிட்டேன். யாரும் எடுத்துப் பார்த்துவிடக் கூடாதே என்ற பயம். மூன்றாவது தடவை அம்மாவாக நின்றது யார் என்ற கேள்வி மட்டும் போகவில்லை.

அடுத்த வருடம் கம்பைநல்லூர்ப் பக்கம் மாற்றல் வந்தது. சொல்லிக்கொண்டு போகலாம் என்று போனபோது சாமியார் வெளியே போயிருந்தார். அலமாரியைத் திறந்தேன். புத்தகம் அடியில் இல்லை, மேலேயே இருந்தது. அந்தப் பக்கத்தைப் புரட்டினேன். அச்சிட்ட ஐந்து வரிக்குக் கீழே, நீல மையில், சாமியாரின் சாய்ந்த கையெழுத்தில் ஆறாவது வரி. எங்கள் ஊர், அந்த வருடம், மாதா கோயில் மேடை. பக்கத்தில், "அம்மா வேடத்தில் ஒரு பள்ளி ஆசிரியை. நமக்குத் தெரிந்தவரை இதுவே முதல் தடவை."