ஈரச் சுண்ணாம்பில் ஒருத்தி

மார்கழியின் கடைசி வெள்ளிக்கிழமை, காலை ஆறரை மணி. தஞ்சாவூர் பழைய பேருந்து நிலையத்தில் ஒரத்தநாடு செல்லும் நகரப் பேருந்தில் ஏறினோம். பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனாலும் நடத்துநர் தந்த சீட்டைப் பத்திரப்படுத்தினேன். தேதி அச்சிட்ட காகிதம் எதையும் நான் தூக்கி எறிவதில்லை; நாட்குறிப்பில் ஒட்டி வைப்பேன்.

உடன் வந்தவள் கவிதா, சென்னை விடுதியில் என் அறைத்தோழி, ஓவியக் கல்லூரியில் படித்தவள். மறுநாள் பிற்பகல் அயல்நாட்டு அருங்காட்சியகம் ஒன்று அவளைக் காணொளியில் நேர்காணப்போகிறது. தெரிந்த ஓர் ஓவியத்தின் முன் நின்று அதை ஆங்கிலத்தில் விவரிக்க வேண்டும். சென்ற ஆண்டு இதே வேலைக்கு முயன்றபோது ‘வெரி பியூட்டிஃபுல்’ என்பதற்கு மேல் அவளுக்குச் சொல் வரவில்லை. வயது வரம்பின்படி இனி ஒரு வாய்ப்புக் கிடையாது. அதனால் மூன்று மாதமாக எங்கள் அறையில் ஓவியத்துக்கான ஆங்கிலச் சொற்கள் மட்டுமே பேசப்பட்டன.

பேருந்திலும் அதே பாடம்தான். “கண்டக்டர் ஃபோர்கிரவுண்ட். அந்த எருமை மிடில்கிரவுண்ட். பனியில தெரியற பனைமரம் பேக்கிரவுண்ட்.”

“எருமைக்கு முன்னால என்னைய வச்சியே தாயி, அதுவரைக்கும் சந்தோஷம்” என்றார் நடத்துநர்.

ஒரத்தநாட்டிலிருந்து ஆட்டோ, நூற்றைம்பது ரூபாய். புது ஆற்றின் கரையோடு போனோம். இங்கே கல்லணைக் கால்வாயை அப்படித்தான் சொல்கிறார்கள். சம்பாக் கதிர் பனியின் பாரத்தில் சாய்ந்து கிடந்தது. இரண்டு கரையும் தூரத்தில் ஒன்றுசேரும் இடத்தைக் காட்டி, “வானிஷிங் பாயின்ட்” என்றாள் கவிதா. சைக்கிளில் எங்களைக் கடந்த ஒருவர் அந்தப் புள்ளிக்குள் போனார். பனி விலகியபோது சாலை நேராக, காலியாக இருந்தது. பிரியும் பாதை எதுவும் என் கண்ணில் படவில்லை.

நாங்கள் போன வீடு செந்தில்நாதனுடையது. ஐம்பது வயது, சிங்கப்பூரில் வேலை பார்த்துத் திரும்பியவர். கவிதாவின் குடும்பம் தலைமுறைகளாக அந்த வீட்டு நிலத்தில் கூலிவேலை செய்தது. இப்போது சொந்தமாக ஒன்றரை ஏக்கர் வைத்திருக்கிறார்கள். ஆனாலும் அந்த வீட்டுக் கூடத்துக்குள் அவள் காலெடுத்து வைத்தது அன்றுதான். சிறுவயதில் ஜன்னல் வழியாகப் பார்த்த சுவரோவியத்தைத்தான் நேர்காணலுக்குத் தேர்ந்தெடுத்திருந்தாள்.

“உள்ள வாம்மா. இப்பல்லாம் யாரு அதெல்லாம் பாக்குறா?” என்றார். அவர் சொன்ன பிறகும் அவள் ஒரு கணம் வாசற்படியில் நின்றாள்.

சுவர் முழுக்க அறுவடைக் களம். மரத்தடியில் நாற்காலியில் பண்ணையார், செந்தில்நாதனின் முன்னோரில் ஒருவர். சுற்றிலும் மாடுகள், நெற்குவியல், குடை பிடிக்கும் ஆள், ஒரு குழந்தை. வலப்பக்கம், எல்லோருக்கும் முன்னால், ஆளுயரத்துக்கு வெறும் சுண்ணாம்பு வெள்ளை. அங்கே மட்டும் செதில் செதிலாக உதிர்ந்திருந்தது.

“அந்த இடத்துல சுண்ணாம்பு நிக்காதுங்க. வருஷா வருஷம் பொங்கலுக்கு அங்க ரெண்டு பூச்சு பூசணும். பூசிட்டுக் காயற வரைக்கும் கூடத்தைப் பூட்டிடுவோம். எங்க தாத்தா காலத்துப் பழக்கம்.”

“எதுக்கு சார் பூட்டணும்?” என்று கேட்டாள் கவிதா.

“கேட்டா அடிதான் கிடைக்கும். அதனால கேக்கல” என்று சிரித்தார்.

அன்று மாலைவரை அவள் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். வெற்றிடத்துக்கு ‘நெகட்டிவ் ஸ்பேஸ்’ என்ற சொல் இருந்தது. அதைச் சொல்லும்போதே நிறுத்தினாள். “ஏய், இங்க வந்து பாருடி. படத்துல எல்லாரும் எங்க பாக்குறாங்க?”

பண்ணையார், குடைக்காரர், குழந்தை, மாடுகள்கூட அந்த வெள்ளையைத்தான் பார்த்தபடி இருந்தார்கள்.

சனிக்கிழமை பகல் இரண்டு மணி. சுண்ணாம்பு வாளியோடு கவிதாவின் தாய்மாமன் முருகையன் வந்தார். அந்த வீட்டுக்கு வெள்ளையடிப்பது அவர் குடும்பம்தான். காலையிலேயே வந்திருக்க வேண்டியவர். அவர் வயலுக்கு அறுவடை இயந்திரம் வந்துவிட்டதாம்.

“அந்த ஒரு இடத்தை மட்டும் இப்பவே பூசிடு முருகையா. வெளிநாட்டுக்காரங்க பாக்குற நேரத்துல சொறி புடிச்ச மாதிரி இருக்கு” என்றார் செந்தில்நாதன்.

“காயறதுக்குள்ள ஆளுங்க நிப்பாங்களேய்யா?”

“நிக்கட்டும். சிங்கப்பூர் பாத்துட்டு வந்தவன் நானு.”

முருகையன் முகத்தை வாசல் பக்கம் திருப்பிக்கொண்டு, கையால் தடவிப் பார்த்தே பூசினார். தன் அப்பாவும் அப்படித்தான் செய்வார் என்றார். முடித்ததும் திரும்பிப் பார்க்காமல் வெளியே போய் நின்றுகொண்டார்.

இரண்டரை மணி. கைப்பேசியை நான் பிடித்திருந்தேன். திரையில் ஒரு பெண்மணியும் ஓர் ஆணும். கவிதா சுவருக்கு முதுகு காட்டி நின்று தெளிவாகத் தொடங்கினாள்: காம்போசிஷன், பெர்ஸ்பெக்டிவ், நிறங்களின் டோன். நடுவில் அந்தப் பெண்மணி குறுக்கிட்டார். வலப்பக்கம் நிற்பவள் யார் என்று கேட்டார்.

கவிதா திரும்பினாள். நானும் அப்போதுதான் பார்த்தேன்.

ஈரத்தில் சுண்ணாம்பு கண்ணாடிபோல் ஆகியிருந்தது. அதனடியில் தலையில் கதிர்க்கட்டோடு ஒருத்தி நின்றாள். பண்ணையாரைவிட உயரம். மூக்கும் உதடும் காதணியும் துல்லியமாக இருந்தன. கண்கள் இல்லை. தஞ்சாவூர்ப் பக்கம் ஓவியர்கள் கண்ணைக் கடைசியில்தான் திறப்பார்கள். அதற்குமுன் யாரோ நிறுத்தியிருக்கிறார்கள்.

“வேணாம்மா. சுவத்துக் கறைன்னு சொல்லிடு” என்றார் செந்தில்நாதன் என் தோளுக்குப் பின்னால்.

கவிதா சுவரையே பார்த்து நின்றாள். எனக்குப் பழைய ‘வெரி பியூட்டிஃபுல்’ நினைவுக்கு வந்தது. அதற்குள் சுண்ணாம்பு அடியிலிருந்து காயத் தொடங்கிவிட்டது. பாதங்கள் வெளுத்து மறைந்தன.

பிறகு கவிதா பேசினாள். மனப்பாடம் செய்த வரிசையில் இல்லை. இவள்தான் ஃபோர்கிரவுண்ட் என்றாள். இந்த ஓவியத்தின் எல்லாக் கோடுகளும் இவளிடம்தான் வந்து சேர்கின்றன, நாற்காலியில் இருப்பவர் இவளைப் பார்க்க வந்தவர் மட்டுமே என்றாள். வெளிக்கோட்டுக்குக் கான்டூர், மேல்பூச்சுக்கு ஓவர்பெயின்ட், முடிக்காமல் விட்டதற்கு அன்ஃபினிஷ்ட் என்று சொற்கள் தேடாமலே வந்தன. இடுப்பு போயிற்று. கழுத்து போயிற்று. அவள் விரைவாகப் பேசினாள். ஏன் மறைத்தார்கள் என்று அந்த ஆண் கேட்டார். தெரியாது, ஆனால் மறைத்தவர்களுக்கு இவள் யாரென்று தெரிந்திருக்கிறது என்றாள். கடைசியாக நெற்றி வெளுத்தது.

திரையில் இருவரும் ஏதோ குறித்துக்கொண்டார்கள். பிறகு அந்தப் பெண்மணி, வேலை உத்தரவு பின்னால் வரும், செப்டம்பரில் வந்து சேர் என்றார்.

கவிதா தரையில் உட்கார்ந்து அழுதாள், சிரித்தாள். செந்தில்நாதன் வாசலுக்குப் போய், “ரெண்டாவது பூச்சு பாக்கி இருக்கே முருகையா” என்றார்.

“நீங்களே பூசிக்குங்கய்யா.” வெள்ளையடிக்கும் மட்டையை வாளியில் போட்டுவிட்டு முருகையன் நடந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, அதே பேருந்து. பனி இன்னும் அடர்த்தி. பாதி வழியில் கைப்பேசியில் மாமன் கூப்பிட்டார். வாளியை எடுக்க அந்த வீட்டுக்குப் போயிருக்கிறார். கவிதா ஒலிபெருக்கியைப் போட்டாள்.

“ரெண்டாவது பூச்சை அவரே பூசிட்டாராம் பாப்பா. மூஞ்சியத் திருப்பாம, பாத்துக்கிட்டே.”

“என்ன பாத்தாராம்?”

“சொல்லமாட்டேங்கிறாரு. கண்ணு இருந்துச்சா முருகையான்னு என்னைய கேக்குறாரு. நான் என்னத்தக் கண்டேன்?”

அவள் கைப்பேசியை அணைத்தாள். நானும் நாட்குறிப்பில் அன்றைய குறிப்பை அத்தோடு நிறுத்தினேன். சென்னையில் எங்கள் அறைச் சுவர் நான்கும் வெள்ளைதான். மழைக்காலத்தில் ஒன்றில் மட்டும் ஓதம் ஏறும். கட்டில் அந்தச் சுவரை ஒட்டி இருந்தது. ஊரிலிருந்து திரும்பி வந்த அன்றே இருவரும் சேர்ந்து அதைச் சுவரைவிட்டுத் தள்ளி நகர்த்திப் போட்டோம்.