கழற்றாத கார்ட்

கஜந்தினிக்குச் சுன்னாகத்தில் இருப்பது அரைக் கடை. முன்பாதியில் கடைச் சொந்தக்காரர் றோய் கைத்தொலைபேசி விற்கிறார். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு மேசையும் விளக்கும் போட்டு அவள் லப்டொப் திருத்துகிறாள். வயது முப்பத்தாறு. ஏழாலையில் வெங்காயம் பயிர் செய்கிற குடும்பத்தில் பிறந்து, கொழும்பில் ஒரு திருத்தகத்தில் நான்கு வருடம் வேலை பழகித் திரும்பியவள்.

மேசை போட்ட முதல் வருடம் வந்தவர்கள் எல்லாம் அவளைத் தாண்டி எட்டிப் பார்த்து, "திருத்திற ஆள் எங்கை?" என்றுதான் கேட்டார்கள். பிறகு பெண்கள் வரத் தொடங்கினார்கள். சொந்தப் படங்களும் கடிதங்களும் கிடக்கிற பொருளை முன்பின் தெரியாத ஆண்களிடம் கொடுக்கத் தயங்கியவர்கள், இவளிடம் கொடுத்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனார்கள். எட்டு வருடத்தில் அவள் சம்பாதித்ததில் பெரியது அந்த நம்பிக்கைதான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை, றோயின் பக்கத்தில் நாலைந்து பேர் நின்றிருந்த நேரம், அருட்பிரகாசம் வந்தார். கூட்டுறவுச் சங்கத்தில் முகாமையாளராக இருந்து ஓய்வுபெற்றவர். பின்னால் மகள் உதயகலா. கொண்டுவந்த லப்டொப்பை மேசையில் வைத்துவிட்டு நின்றபடியே சொன்னார்.

"கிராபிக்ஸ் கார்டைக் கழட்டி எடுத்துப்போட்டுத் தந்திருக்கிறீர்."

போன வாரம்வரை அவளைப் பிள்ளை என்று கூப்பிட்டவர். றோயின் பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அது கேம் விளையாடுகிறவர்களுக்கென்று செய்த பாரமான மெஷின். நோர்வேயில் இருக்கும் உதயகலாவின் தமையன் அனுப்பியது. உதயகலா அதில் விளையாடுவதில்லை. இன்னும் கட்டாத வீடுகளின் உள்பக்கம் எப்படி இருக்கும் என்று அவுஸ்திரேலியக் கம்பனி ஒன்றுக்குப் படம் வரைந்து அனுப்புகிறாள். பலமான கிராபிக்ஸ் கார்ட் இல்லாமல் அந்த வேலை நடக்காது. போன வியாழக்கிழமை விசிறி கரகரக்கிறது என்று கொண்டுவந்தாள். கஜந்தினி புது விசிறி போட்டுக் கொடுத்தாள். அன்று பின்னேரமே வரைகிற மென்பொருள், மெஷினில் அந்தக் கார்ட் இல்லை என்று சொல்லிவிட்டது.

அருட்பிரகாசம் அதை இங்கே திருப்பிக் கொண்டுவரவில்லை. யாழ்ப்பாண டவுணில் ஒரு கடையில் கொடுத்தார். அவர்கள் வின்டோஸை முழுதாக அழித்துப் புதிதாகப் போட்டும் கார்ட் வரவில்லை. உள்ளே கார்டே இல்லை, முதலில் திருத்தின ஆளைக் கேளுங்கள் என்று கைவிரித்துவிட்டார்கள். இங்கே கேட்க வருமுன்னரே அருட்பிரகாசம் சந்தையிலும் கோயிலடியிலும் கண்டவர்களுக்கெல்லாம் கஜந்தினி களவெடுத்துவிட்டாள் என்று சொல்லிவிட்டார்.

கஜந்தினி இரண்டு கதிரைகளை இழுத்துப் போட்டாள்.

"உங்களுக்கு முன்னாலையே பாக்கிறன் ஐயா. ஒண்டும் மறைக்கேல்லை. இருந்து பாருங்கோ."

உதயகலா கதிரையில் இருந்தாள். அவர் இருக்கவில்லை.

மெஷினைப் போட்டுச் சாதனங்களின் பட்டியலைத் திறந்தாள். இரண்டு பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருந்தது, புரொசெசருக்குள் கூடவே வரும் சின்னக் கிராபிக்ஸின் பெயர். பெரிய கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளைப் போட்டுப் பார்த்தாள். பொருத்தமான கார்ட் எதுவும் இல்லை என்று நின்றுவிட்டது. மெஷினை நிறுத்தி, அடித்தட்டைக் கழற்றி, பற்றறியின் வயரைப் பிடுங்கி, மிச்ச மின்சாரம் வடியட்டும் என்று பொத்தானை ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்தாள். திரும்பப் போட்டாள். அதே ஒரு பெயர்.

அடுத்ததாகச் சூட்டை வெளியேற்றும் குழாய்களைக் கழற்றினாள். பசையைத் துடைத்ததும் கண்ணாடிபோல மின்னும் இரண்டு சதுரங்கள் தெரிந்தன. ஒன்று புரொசெசர், மற்றதைக் காட்டினாள்.

"இதுதான் ஐயா கார்ட். இது பிடுங்கி எடுக்கிற சாமான் இல்லை. போர்டோடை சேர்த்து ஒட்டினது."

அவர் குனிந்து பார்த்தார். "நல்லதை எடுத்துப்போட்டுச் செத்ததை ஒட்டியிருக்கலாம்தானே?"

அதற்குக் கார்ட் வேலை செய்து காட்டுவதுதான் மறுமொழி. ஆனால் அந்த நேரம் அவளுக்கு வேறொரு பயமும் பிடித்துக்கொண்டது. விசிறி மாற்றும்போது கை வழுக்கி எதையாவது சுரண்டிவிட்டேனா? சிப் செத்திருந்தால் போர்ட் முழுவதையும் மாற்றவேண்டும். அது நடந்தால் நான் களவெடுக்கவில்லை என்று யார் நம்பப்போகிறார்கள்?

திருத்துகிற ஒவ்வொரு மெஷினையும் முன்னும் பின்னும் படம் எடுத்து வைப்பது அவள் பழக்கம். போர்டில் ஏதும் புதுக் காயம் இருக்கிறதா என்று ஒப்பிட, தொலைபேசியில் வியாழக்கிழமைப் படங்களைத் தட்டினாள். காயம் ஒன்றும் இல்லை. கடைசிப் படம் திரையினுடையது. விசிறியின் வேகம், சூட்டின் அளவு, மூலையில் பச்சையாய் ஒரு சின்ன இலை.

அவள் அந்த இலையையே பார்த்தாள்.

பற்றறியை மிச்சம் பிடிப்பதற்காகப் பெரிய கார்டை நிறுத்திவைக்கும் அடையாளம் அது. மெஷின் செய்த கம்பனி தருகிற மென்பொருளில் அதற்கொரு சுவிச் உண்டு. புது விசிறியின் சத்தத்தைத் தனியே கேட்பதற்காக அன்று அவளே அதைப் போட்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து அவளுடைய மகளுக்குக் காய்ச்சல் என்று பாடசாலையிலிருந்து அழைப்பு வந்தது. மெஷினை மூடி, ஆள் வந்தால் கொடுக்கச் சொல்லி றோயிடம் வைத்துவிட்டு ஓடினாள். திரும்ப மாற்றவில்லை. அந்தக் கட்டளை போர்டின் நினைவிலேயே பதிந்து கிடக்கிறது. டவுண் கடையில் வின்டோஸை அழித்தபோது சுவிச் இருந்த மென்பொருளும் சேர்ந்து போய்விட்டது.

குழாய்களைப் புதுப் பசை வைத்துப் பூட்டிவிட்டு, கம்பனியின் மென்பொருளைத் தரவிறக்கப் போட்டாள். முக்கால் மணித்தியாலம் காட்டியது. றோய் ஏதோ வயர் எடுக்க வந்ததுபோல உள்ளே வந்தார். அவள் தொலைபேசியை மெல்ல அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள். அவருக்குப் புரிந்தது.

"டவுண்காரன்ரை பிழை எண்டு சொல்லிவிடும்," என்றார் அடித்தொண்டையில். "அவனும் பிழை விட்டவன்தானே."

அதில் பாதி உண்மையும் இருந்தது. றோயைத் தவிர அந்தப் படத்தை வேறு யாரும் பார்க்கவில்லை.

திரையில் தரவிறக்கக் கோடு ஊர்ந்தது. தேநீர் வந்து ஆறியது. படங்களை நேற்றே அனுப்பியிருக்கவேண்டும், அனுப்ப முடியாததால் அந்த வீட்டுப் பட வேலையைக் கம்பனி வேறொருவருக்குக் கொடுத்துவிட்டது என்று உதயகலா யாரையும் பார்க்காமல் சொன்னாள்.

மென்பொருள் ஏறியது. இலையை நிறுத்தி, மெஷினைத் திரும்பப் போட்டாள். திரை கறுத்தது. கறுத்தபடியே கிடந்தது. அருட்பிரகாசம் அப்போதுதான் கதிரையின் விளிம்பைப் பிடித்தார். விசிறி ஒருமுறை இரைந்து அடங்கியது. வெளிச்சம் வந்தது. பட்டியலில் இரண்டு பெயர்கள்.

உதயகலா தன் வேலையைத் திறந்தாள். அடுப்பும் அலமாரியுமாய் ஒரு குசினியும், யன்னலால் விழுந்த வெயிலும் தங்குதடையில்லாமல் சுழன்றன. தகப்பன் கஜந்தினியின் பக்கம் திரும்பினார்.

"அப்ப டவுண்காரர்தான் பிழை விட்டவை, என்ன பிள்ளை?"

கண்ணாடிக்கு அப்பால் றோய் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லை ஐயா," என்றாள் கஜந்தினி. தொலைபேசியை மேசையில் வைத்துப் படத்தைக் காட்டினாள். "கார்டை நிப்பாட்டினது நான். சோதிக்கிறதுக்குப் போட்டனான், திருப்பிப் போட மறந்துபோனன். டவுணிலை அழிச்சதாலை சுவிச் தெரியாமப் போச்சு. ஆனால் துடங்கினது நான்தான்."

உதயகலா தொலைபேசியைத் தன் பக்கம் திருப்பிப் படத்தைப் பார்த்தாள்.

"நாலு நாள் அக்கா," என்றாள் உதயகலா. "அந்த வேலை போயிட்டுது."

"ஓம். என்னாலைதான்."

அருட்பிரகாசம் மெஷினை மூடிப் பையில் வைத்தார். "களவில்லை. கவலையீனம்," என்றார், தீர்ப்புச் சொல்வதுபோல.

"ஓம் ஐயா, கவலையீனம். களவெண்டு ஆரிட்டைச் சொன்னியளோ, அவையளிட்டையும் இதையே சொல்லிவிடுங்கோ. கவலையீனம் எண்டே சொல்லுங்கோ."

அவர் அவளை ஒருமுறை பார்த்தார். மகளோடு படியிறங்கினார்.

யாரிடம் சொன்னார், யாரிடம் சொல்லாமல் விட்டார் என்பது அவளுக்குத் தெரியவரவில்லை. சனிக்கிழமை ஓர் ஆசிரியை வந்து, திருத்தக் கொடுத்த மெஷினைத் திருத்தாமலேயே வாங்கிப்போனார். அடுத்த மூன்று வாரம் மேசை பாதி வெறுமையாகக் கிடந்தது. றோய் அந்த நாட்களில் அவளோடு அதிகம் கதைக்கவில்லை. ஆனால் மேசையை எடுக்கச் சொல்லவும் இல்லை.

நாலாம் வாரம் உதயகலா தனியே வந்தாள். பற்றறி வீங்கி, மெஷினின் அடித்தட்டை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. புதிது போட எவ்வளவு நேரம் எடுக்கும் என்று கேட்டாள். ஒரு மணித்தியாலம் என்றாள் கஜந்தினி.

"அப்ப நான் இருந்து பாக்கிறன் அக்கா."

கஜந்தினி கதிரையை மேசைக்குத் தன் பக்கமாக இழுத்து, திரை நன்றாகத் தெரியும் இடத்தில் போட்டாள்.