தைப்பிங் மலைக்கு வாங்கிய பாஸ்

ஈப்போ ரயில் நிலையத்தில் நான் சரக்குப் பிரிவுக் குமாஸ்தாவாக இருந்தபோது, வருஷத்துக்கு ஒரு முறை குடும்பத்தோடு போய்வர இலவச பாஸ் உண்டு. ரப்பர் விலை விழுந்து மறுபடி எழுந்திருந்த சமயம். அதில் எனக்கு ஒரு லாபமும் இல்லை. ஆனால் ஊரே நிமிர்ந்து நடந்ததால் நானும் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தேன். அந்த நிமிர்வில் வந்ததுதான் எல்லாம்.

அந்த வருஷம் தைப்பிங் மலை என்று முடிவானது. கேட்டது என் அக்கா. சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டி என்னை இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியவள். புருஷன் காய்ச்சலில் போன பிறகு எங்களோடு இருந்தாள். எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவள், ஒரு நாள் கேட்டாள்.

"மரம் வெட்டுறப்ப தெனம் பாப்பேன் தம்பி, மலை உச்சியில மேகம் உக்காந்திருக்கும். ஒரு தடவ அதுக்குள்ள கைய விட்டுப் பாக்கணும்."

பாஸ் எழுதும் குமாஸ்தா என் சிநேகிதன்.

"மச்சான், ரெண்டாங் கிளாஸ்னா நீ, சம்சாரம், பிள்ளைங்க, அவ்வளவுதான். மூணாங் கிளாஸ்னா அக்காவையும் சேத்துக்கலாம். எதுலா போட?"

யோசிக்க ஒன்றுமில்லை. ஆனாலும் யோசித்தேன். முந்தின வாரம்தான் புதிதாக ஒரு தோல் பெட்டி வாங்கியிருந்தேன். அதைப் பலகை பெஞ்சுக்கு அடியில் தள்ள மனம் வரவில்லை. போதாததற்கு, எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்த ஒருவன் இரண்டாம் வகுப்பு மெத்தை வண்டியில் போய்வந்து ஒரு மாதமாக அதையே பேசிக்கொண்டிருந்தான்.

"ரெண்டாங் கிளாஸே போடு. அக்காவுக்குத் தனியா மூணாங் கிளாஸ் டிக்கெட் எடுத்துக்கிறேன். ஒரே ரயில்தான?"

"ஒரே ரயில்தான். நடுவுல எட்டுப் பெட்டி" என்றான் அவன், எழுதிக்கொண்டே.

புறப்படும் நாள் காலையில் அக்கா புளிச்சோறும் கருவாட்டுச் சம்பலும் கட்டியிருந்தாள். அந்தக் கூடையையும் அவளிடமே கொடுத்து மூன்றாம் வகுப்பில் ஏற்றினேன். மெத்தை வண்டியில் கருவாடு மணந்தால் என் மரியாதை என்னாவது?

"ஏங்க, பெட்டி நம்மகூட, அண்ணி அங்கயா?" என்றாள் மனைவி. காது கேட்காதவன் மாதிரி நின்றேன். அது எனக்கு நன்றாக வரும்.

அக்காவுக்கு எழுத்துத் தெரியாது. "நான் வந்து கூப்புடுற வரைக்கும் எறங்காதக்கா" என்று இரண்டு தடவை சொன்னேன்.

"நீ வராம நான் எங்கடா எறங்கப் போறேன்?"

தைப்பிங்கில் இறங்கினோம். பெட்டியைக் கீறாமல் இறக்குவது எப்படி என்று கூலியாளுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். "ஏங்க, அண்ணி..." என்றாள் மனைவி. "இரு" என்றேன். மறுபடி சொன்னாள். மறுபடி "இரு". விசில் ஊதிவிட்டது. ஓடினேன். ரயில் எத்தனை நிமிஷம் நிற்கும் என்று மனப்பாடமாகத் தெரிந்த ரயில்வேக்காரன், தொப்பியைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். ஜன்னலோரம் கூடையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள் அக்கா. என்னைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே எழுந்தாள். கூப்பிட வந்துவிட்டான் என்று நினைத்திருக்கிறாள். வண்டி அவளோடு போய்விட்டது.

ஸ்டேஷன் மாஸ்டர் தந்தி அடித்தார். பாகான் செராய் ஸ்டேஷனில் இறக்கிவிட்டதாகவும் சாயங்கால வண்டியில் அனுப்புவதாகவும் பதில் வந்தது. மலைக்குக் கூட்டிப்போக வந்த ஆள், இதற்குமேல் ஏறினால் இருட்டிவிடும் என்று போய்விட்டான். லீவோ இரண்டே நாள். அன்று ஏறி மறுநாள் இறங்குவதுதான் ஏற்பாடு. சாப்பாடும் அக்காவோடு போயிருந்தது. பிள்ளைகள் வாழைப்பழம் தின்று, தோலை என் தோல் பெட்டிமேல் வைத்தார்கள்.

சாயங்காலம் அக்கா இறங்கினாள். கூடை கட்டுப் பிரிக்காமல் இருந்தது.

"சாப்பிடலியாக்கா?"

"பிள்ளைங்க பசியா இருக்கிறப்ப எனக்கு எப்படிடா எறங்கும்?" என்று பிளாட்பாரத்திலேயே இலையை விரித்தாள். "அந்த ஊரு ஒரே வயக்காடு தம்பி. அங்கேருந்து மலை முழுசாத் தெரியுதுலா. மேகங்கூட."

ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் ஏதாவது வேடிக்கையாகப் பேசித் தப்பித்திருப்பேன்.

அடுத்த வருஷம் மூன்றாம் வகுப்பு பாஸ் எடுத்தேன். முதல் பெயர் அவளுடையது. அதற்குள் அவளுக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. நாற்காலியில் உட்கார வைத்து மேலே தூக்கிப்போக ஆள் உண்டு என்று கெஞ்சினேன்.

"என்னத் தூக்கிட்டுப் போறதுக்கு இன்னும் நாளிருக்கு. நீங்க போயிட்டு வாங்க."

போய்விட்டு வந்தோம். அவளை விட்டுவிட்டு, இரண்டாவது தடவையும். உச்சியில் மேகம் வந்தபோது நான் கையை நீட்டினேன்.

வீட்டுக்கு வந்து, "அங்க ஒண்ணுமே இல்லக்கா, வெறும் ஈரம்" என்றேன்.

அக்கா என் கையைப் பிடித்துத் திருப்பி, உள்ளங்கையைத் தடவிப் பார்த்தாள்.

"காஞ்சிருச்சேடா" என்றாள்.