பட்டிப் பொங்கலுக்குப் போன என் பிரஷ்

நாடகக் கம்பெனியில் முகம் எழுதுகிறவனிடம் அரிதாரம் இருக்கும், மை இருக்கும், கை இருக்கும்; நல்ல பிரஷ் மட்டும் இருக்காது, இருந்தாலும் அது வேறு எவன் கையிலாவது இருக்கும். ஒப்பனைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைகிற என் இனத்துப் பாவிகளே, உங்களிடம் சொல்லித்தான் நான் மனசை ஆற்றிக்கொள்ள வேண்டும். மற்றவர்களிடம் சொன்னால், "ஒரு குச்சிக்கா இத்தனை கோபம்?" என்று சிரிக்கிறார்கள். ஆமாம், குச்சிக்குத்தான். கேளுங்கள்.

கொம்புக்குப் போனது

அந்தத் தை மாதம் எங்கள் கம்பெனி எருத்தேன்பதியில் கொட்டகை போட்டிருந்தது. கொட்டகைக்கு இடமும், நாங்கள் தங்குவதற்குக் களத்துமேட்டுச் சாளை வீடும் கொடுத்தவர் அந்த ஊர்ப் பெரிய பண்ணைக்காரர்; பண்ணாடி என்பார்கள். தங்கமான மனிதர், நாடகப் பைத்தியம். என்னிடம் அப்போது உருப்படியாக இருந்தது ஒரே ஒரு பிரஷ், கண்ணுக்கு மை எழுதுவது. தண்ணீரில் நனைத்து ஒரு உதறு உதறினால் முடியெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து கூராக நிற்கும். தினமும் வேலை முடிந்ததும் சீயக்காய்த் தண்ணீரில் அலசி, தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டு உலர்த்துவேன். பெண்டாட்டியை இப்படிக் கவனித்திருந்தால் அவள் கோபித்துக்கொண்டு தாய்வீட்டில் உட்கார்ந்திருக்க மாட்டாள்.

மாட்டுக்குப் பொங்கல் வைக்கிற பட்டிப் பொங்கலன்று காலையில் எழுந்து பார்க்கிறேன், தொங்கவிட்ட இடத்தில் நூல் மட்டும் ஆடுகிறது. பதறியடித்துக்கொண்டு வெளியே ஓடினால், பக்கத்து மாட்டுப் பட்டியில் பண்ணாடி தன் மயிலைக் காளையின் கொம்புக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருக்கிறார். என் பிரஷால்! சிவப்பு மட்டும் போதாதென்று, கொம்பைச் சுற்றி மஞ்சள் வளையம் வேறு. வார்னிஷ் கலந்த வர்ணம். முடியெல்லாம் ஒட்டிக் காய்ந்து ஆணி போல ஆகியிருந்தது. வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டேன். அவரோ இரண்டடி தள்ளி நின்று காளையின் அழகைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கோவிச்சுக்காதீங்க. உங்க குச்சி வெகு நல்லா இருக்குதுங்க. கொம்பு நுனி வரைக்கும் பிசிறில்லாம வருதுங்க!"

சந்தையில் வாங்கியது

எங்கள் முதலாளி மதுரைப் பக்கத்துக்காரர். ராஜா வேஷத்துக்குச் சரிகை வாங்கக் கேட்டால் உடனே கிளம்புவார். பிரஷ் என்று சொன்னால் மட்டும் காது கேட்காது. அன்றைக்கு விடாமல் நச்சரித்ததில், கொழிஞ்சாம்பாறைச் சந்தைக்குப் போகச் சம்மதித்தார். படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினேன். "முடியை இழுத்துப் பாருங்க, கையோடு வந்தா வேண்டாம். நனைச்சுப் பாருங்க, விரிஞ்சுக்கிட்டு நின்னா வேண்டாம். கடைசியா கண்ணை மூடி இமை மேல ஓட்டிப் பாருங்க. உறுத்தினா அங்கேயே போட்டுட்டு வந்துடுங்க." இது ஒன்றும் நான் கண்டுபிடித்த வித்தையல்ல. எழுதுகிறவன் முதலில் தன் இமையில் ஓட்டிப் பார்த்த பிறகுதான் அடுத்தவன் முகத்தில் பிரஷை வைப்பான். நம் தொழிலில் பிழைக்கிற எவனுக்கும் இது தெரியும்.

மகராசன் வாங்கி வந்தது என்ன தெரியுமா? வண்டிச் சக்கரத்துக்கு வர்ணம் அடிக்கிற பன்றிமுடி பிரஷ். என் இமையில் ஓட்டினேன். சோளம் அறுத்த காட்டில் முகத்தை வைத்துத் தேய்த்தது போல இருந்தது. பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது. "ஒரே ஒரு தடவை உங்க இமையில வச்சுப் பாருங்க முதலாளி" என்று நீட்டினேன். கையைத் தட்டிவிட்டார். "நான் என்ன வேஷக்காரனாய்யா? முடின்னா எல்லாம் முடிதான். போய் வேலையைப் பாரு!"

அழுகிற காட்சி

எங்கள் கம்பெனியில் ராணி வேஷம் கட்டுகிறவன் சுப்பையா. ஆண்பிள்ளைதான், ஆனால் மை எழுதி அவன் கண்ணை ஒரு தரம் உயர்த்தினால் பெண்கள் பக்கத்தில் விசும்பல் கேட்கும். அந்தக் கண்ணை நம்பித்தான் ஊரில் அவனுடைய அம்மாவும் கல்யாணத்துக்கு நிற்கிற தங்கையும் இருந்தார்கள். அவன் முகத்தில் அந்தப் பன்றிமுடியை வைக்க மாட்டேன் என்று நான் உட்கார்ந்துவிட்டேன். ஈர்க்குச்சியில் துணியைச் சுற்றி நிதானமாக எழுதிக்கொண்டிருந்தேன். வெளியே ஆர்மோனியம் ஆரம்பித்துவிட்டது. முதலாளி உள்ளே வந்தார். "இன்னுமா முடியல?" என்று என்னைத் தோளில் பிடித்துத் தள்ளிவிட்டு, அந்தப் பிரஷை மையில் தோய்த்துத் தானே எழுத ஆரம்பித்தார்.

"அம்மா!" என்று சுப்பையா அலறியது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. ஒரு முடி முறிந்து வலது கண்ணுக்குள் குத்திவிட்டது. நான் முடியை எடுப்பதற்குள் கண் ரத்தமாகச் சிவந்துவிட்டது. பண்ணாடியின் மனைவி, பிள்ளை பெற்ற யாரோ ஒருத்தியிடமிருந்து தாய்ப்பால் வாங்கி அனுப்பினார், அதையும் கண்ணில் விட்டோம். சுப்பையா முந்தானையால் கண்ணைப் பொத்திக்கொண்டு நடுங்கினான். முதலாளி குனிந்து பார்த்தார். ஐயோ பாவம் என்று ஒரு வார்த்தை வரும் என்று நினைத்தீர்களா? "முதல் காட்சியே அழுகிற காட்சிதானய்யா. செவந்திருந்தா இன்னும் நல்லாத்தான் இருக்கும். மேடைக்கு அனுப்பு!"

காது முடி

சில நாளில் வலி போயிற்று, ஆனால் கண்ணில் பூ விழுந்துவிட்டது. கருவிழியில் வெள்ளையாக ஒரு பொட்டு. பூ விழுந்த கண்ணோடு ராணியா, சனம் சிரித்தால் சுப்பையா ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று முதலாளி சொல்லிவிட்டார். குத்தினது இவர், மூட்டை கட்டுவது அவன்! இமையிலும் ஓரத்திலும் மையை இழைத்து இழைத்து எழுதினால், மையின் கருமையில் அந்தப் பொட்டு தூரத்துக்குத் தெரியாது என்று எனக்குத் தெரியும். அதற்குப் பூப்போல ஒரு பிரஷ் வேண்டும். நேராகப் பண்ணாடியிடம் போனேன். "உங்க காளை என் பிரஷை வாங்கிக்கிச்சு. உங்க கன்னுக்குட்டி திருப்பிக் கொடுக்கட்டும்" என்றேன். இளங்கன்றின் காதுக்குள் இருக்கிற முடி மாதிரி மிருதுவானது வேறு கிடையாது.

பண்ணாடிக்கு முகம் வெளுத்துவிட்டது. வேறு எது கேட்டாலும் கொடுத்திருப்பார். "காது முடியக் கத்தரிச்சா கன்னு நோஞ்சானாப் போயிருமுங்களே!" என்று குட்டியின் கழுத்தைக் கட்டிக்கொண்டார். எனக்கு மறுபடியும் பற்றிக்கொண்டு வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவர் மனைவி கையில் கத்தரிக்கோலோடு பட்டிக்குள் வந்தார். கன்றைத் தன் மடியோடு அணைத்துக்கொண்டு, அவரே பக்குவமாகக் கத்தரித்தார். கத்தரித்துக்கொண்டே புருஷனைப் பார்த்துச் சொன்னார்: "ஏனுங்க, கொம்புக்குச் சாயம் பூசறப்ப அந்த ராணி வேசம் கட்டற பையன் பொழப்பு நோஞ்சானாப் போகுமுன்னு நெனச்சீங்களா?"

பட்டதே தெரியாதது

முடியை நுனி சேர்த்து அடுக்கி, பட்டு நூலால் கட்டி, மயிலிறகுத் தண்டில் செருகி, அரக்கு வைத்தேன். என் இமையில் ஓட்டினேன். பிறகு சுப்பையாவை உட்கார வைத்தேன். பிரஷைப் பார்த்ததுமே பயல் என் முழங்காலை இறுகப் பிடித்துக்கொண்டான். வலது இமையை எழுதி முடித்துக் கையை எடுத்த பிறகும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டே கேட்டான், "தொடப்போறீங்களாண்ணே?" முகத்தைத் திருப்பிக்கொண்டு என் கண்ணைத் துடைத்தேன். அதுவும் கோபம்தான், வேறொன்றும் இல்லை.

அன்றைக்கு ஒருவரும் சிரிக்கவில்லை. சுப்பையா தலையைச் சற்றே சாய்த்து, இமையைத் தாழ்த்தி, ராணியின் துக்கத்தைப் பாடினான். பெண்கள் பக்கம் மூக்கைச் சிந்துகிற சத்தத்தில் ஆர்மோனியமே கேட்கவில்லை. சுப்பையாவுக்கு வேலை தப்பியது. நாடகம் முடிந்ததும் பண்ணாடி ஒப்பனை அறைக்கே வந்து, "கண்ணுன்னா அது கண்ணுங்க! என்னமா எழுதியிருக்குது!" என்று என் கையைப் பிடித்தார். நடுவில் புகுந்தார் எங்கள் முதலாளி. மூலையில் கிடந்த பன்றிமுடி பிரஷை எடுத்து உயர்த்திக் காட்டி, சுப்பையாவை வைத்துக்கொண்டே சொன்னார்: "எல்லாம் இதனாலதாங்க! சந்தையில நானே பாத்துப் பாத்துப் பொறுக்குன பிரஷ்!"

நல்ல பிரஷுக்காவது ஏதோ ஒரு கன்றுக்குட்டி காதை நீட்டிவிடுகிறது, நல்ல முதலாளியைத்தான் எந்தச் சந்தையிலும் காணோம்.