டி.சி. அக்காவுக்கு ஒரு டி.சி.

கல்லூரி அலுவலகத்தில் அவரை எல்லோரும் டி.சி. அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். படிப்பு முடித்துப் போகிறவர்களுக்கு மாற்றுச் சான்றிதழ் எழுதிக் கொடுப்பது இருபத்திரண்டு வருடமாக அவர் வேலை. இடையில் அதே கல்லூரியின் மாலை வகுப்பில் சேர்ந்து பட்டமும் வாங்கினார். தன் டி.சி.யை மட்டும் எழுதிக்கொள்ள மறந்துபோனார். யாருக்கும் அது உறுத்தவில்லை, ஒருங்கிணைந்த மென்பொருள் வரும்வரை.

வருகை, விடுப்பு, நூலகம், தேர்வு எல்லாம் இனி ஒரே திரையில் என்று முதல்வர் மேடையில் அறிவித்தார். ஒரு வேலைக்கு மூன்று மேசை அலைந்த காலம் மலையேறிவிட்டதாம். உண்மைதான். இப்போது மூன்று மேசைக்கும் அலைந்துவிட்டு, நான்காவதாகத் திரைக்கு முன்னும் உட்கார வேண்டும்.

வந்த முதல் வாரமே மென்பொருள், ஊழியர் என்றும் மாணவி என்றும் இருந்த அக்காவின் இரண்டு பதிவுகளையும் மோப்பம் பிடித்து ஒன்றாக்கியது. டி.சி. வாங்காதவர் மாணவிதான் என்று முடிவும் கட்டியது. பேருந்துப் பணிமனையில் வண்டிக்கு அடியில் படுத்திருந்த அவர் கணவருக்குக் குறுஞ்செய்தி பறந்தது: 'உங்கள் பொறுப்பிலுள்ள மாணவி இன்றும் வகுப்புக்கு வரவில்லை.'

மனிதர் உடனே போன் போட்டார். "என்னம்மா, கிளாஸைக் கட் அடிச்சுட்டு எங்க சுத்துற?"

"இங்க பல்வலியில உயிர் போகுது, உங்களுக்குக் கிண்டல் வேற!"

பல் பிடுங்க அக்கா இரண்டு நாள் விடுப்புக் கேட்டிருந்தார். அரை நிமிடத்தில் பதில் வந்தது. வேகத்தில் குறை சொல்ல முடியாது. வருகை பூஜ்யம் சதவீதம் என்பதால் விடுப்பு கிடையாது, பெற்றோரை அழைத்து வரவும்.

வீங்கிய கன்னத்தோடு கணினிப் பிரிவுக்குப் போனார். பொறுப்பாளர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"சிம்பிள்க்கா. மாணவிங்கிற பதிவு போகணும்னா டி.சி. வாங்கணும். அப்ளை பண்ணிடுங்க."

"அது யாருகிட்ட வரும்?"

"உங்ககிட்டதான்."

"அப்போ நானே ஓகே பண்ணிடவா?"

"உங்களுக்கு நீங்களே பண்ண சிஸ்டம் விடாதுக்கா. நீங்க லீவுல போனா பக்கத்து சீட்டுக்குப் போகும்."

"லீவு கேட்டதுக்குத்தானே தம்பி, என்னை ஸ்டூடண்டுங்குது!"

அவர் ஆழ்ந்து யோசித்துவிட்டு, "ஒரு புகார் பதிவு பண்ணிடுங்கக்கா" என்றார்.

அக்காவும் பதிவு செய்தார். 'மாணவர்கள் துறைத் தலைவர் வழியாக வரவும்' என்று பதில் வந்தது.

மூன்றாம் நாள் வாயே திறக்க முடியவில்லை. நடந்ததையெல்லாம் ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக்கொண்டுபோய் முதல்வரிடம் நீட்டினார். அவர் அப்போது காகிதமில்லா அலுவலகத்துக்கான விருதுக்கு நான்கு பிரதிகளில் விண்ணப்பம் தயாரித்துக்கொண்டிருந்தார். கதவைச் சாத்தச் சொல்லிவிட்டுப் பேனாவை எடுத்து, டி.சி.யைக் கையாலேயே எழுதிக்கொள்ளலாம் என்று அந்தத் தாளிலேயே கையெழுத்துப் போட்டார்.

"வெளியில யார்கிட்டயும் சொல்லிடாதீங்கம்மா."

பழைய அச்சுப் படிவத்தில் தன் டி.சி.யைத் தானே எழுத உட்கார்ந்தார் அக்கா. பெயர், பிறந்த தேதி, சேர்ந்த வருடம் எல்லாம் மளமளவென்று ஓடின. 'நடத்தை' என்ற கட்டத்தில் பேனா நின்றது. ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு முகம்கூடப் பார்க்காமல் 'நன்று' என்று எழுதிய கை அது. முதல்முறையாக, ஆள் யாரென்று தெரிந்து எழுத வேண்டியிருந்தது. கன்னத்தைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் யோசித்தார். 'பரவாயில்லை' என்று எழுதி முத்திரையைக் குத்தினார்.

கணினிப் பிரிவு அதை ஏற்றிய அரை நிமிடத்தில் விடுப்பு கிடைத்தது. அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு பல் மருத்துவரைப் பார்க்க ஓடினார்.