தங்கச்சி ஊர்க் குளம்

என் தங்கைமேல் எனக்குப் பொறாமை வந்தது நகையாலோ புடவையாலோ அல்ல, பருப்பால். அவள் வீட்டில் துவரம்பருப்பு ஒரு கொதியில் மலர்ந்து வெந்தது. என் வீட்டில் விறகுதான் தீர்ந்தது.

எழுபதுகளின் தொடக்கம். கவரைப்பேட்டைக்குப் பக்கத்தில், அடுத்தடுத்த இரண்டு ஊர்களில் எங்களைக் கொடுத்திருந்தார்கள். என் வீட்டுக்காரர் எங்கள் ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர். அவள் வீட்டுக்காரர் அவள் ஊர்த் தலைவர். ஆனால் அவர் பதவிக்கு வந்ததுமே குடிதண்ணீர்க் குளத்தைச் சுற்றி முள்வேலி போட்டார். குளத்துக்குத் தண்ணீர் வரும் வழியிலுள்ள வயல்களில் பூச்சிமருந்து அடிக்கக் கூடாது, மாடு வேறு குட்டைக்குப் போக வேண்டும், காலை நனைக்காமல் படியில் நின்றுதான் மொள்ள வேண்டும் என்று தண்டோரா போட்டார். மீறினால் பதினைந்து நாள் கரையில் உட்கார்ந்து குளக்காவல் இருக்க வேண்டும். ஊரே அவரைத் திட்டியது. நானும் விடவில்லை. "உன் ஊட்டுக்காரரு கொளத்துக்குத் தாலி கட்டிட்டாராடி?" என்று அவளைக் கிண்டல் செய்தேன்.

என் வீட்டுக்காரர் நல்லவர், யார் மனதையும் நோகடிக்க மாட்டார். அதனால் எங்கள் குளத்தில் மாடு குளித்தது. எண்ட்ரின் பூச்சிமருந்து டப்பாவைக் கழுவினார்கள். கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்சாலை கட்டக் கல் ஏற்றிப்போன லாரிகளை இறக்கிக் கழுவினார்கள். நான் ஏதாவது சொன்னால், "இன்னாமே பண்றது? அடுத்த தபா ஓட்டு வாணாமா?" என்பார். ஒருநாள் காலையில் மீனெல்லாம் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தது. அதன்பிறகு எங்களுக்கு உப்புக் கரிக்கும் கிணற்று நீர்தான்; என் சின்னவன் அதை வாயில் வைத்ததுமே துப்பினான். பருப்பு வேகாத கதை அப்படித் தொடங்கியது.

எங்கள் ஊர்ப் பெண்கள் குடத்தோடு தங்கை ஊருக்கு நடந்தார்கள். திரும்பி வந்து என் காதுபடவே, "தலைவருன்னா அவருதாண்டி" என்றார்கள். எனக்கு வயிறு பற்றி எரிந்தது. தலைவர் பெண்டாட்டி நான், தங்கை ஊர்ப் படியில் வரிசையில் நிற்கிறேன்! அவளோ கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "வாக்கா, நாஷ்டா துன்னியா?" என்று சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பில் ஒரு கள்ளமும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஒரு மத்தியானம் எருமையை மேய்த்துக்கொண்டு தங்கை ஊர் எல்லைவரை போனவள், ஆளில்லை என்று கண்டு வேலிப்படலைத் திறந்து எருமையை அந்தக் குளத்தில் இறக்கிவிட்டேன். அது சுகமாகக் கழுத்துவரை அமிழ்ந்தது. எனக்கும் அப்பாடா என்று இருந்தது. ஆனால் இறக்கத் தெரிந்த எனக்கு அதைக் கரையேற்றத் தெரியவில்லை. கத்தினேன், கல் எறிந்தேன், அந்தச் சனியன் அசையவில்லை. ஊர் கூடிவிட்டது.

"இனிமே அந்த ஊருக்காரிங்க ஒருத்தியும் இங்க தண்ணி மொள்ளக் கூடாது" என்றார்கள். எங்கள் ஊரின் குடிதண்ணீரே என்னால் போகப்போகிறது என்று அப்போதுதான் உறைத்தது. தங்கை முன்னால் வந்தாள். "மாட்ட உட்டது எங்கக்கா. அது எங்க ஊட்டுத் தப்பு. காவல நான் இருக்கறேன், அவங்க தண்ணிய நிறுத்தாதீங்க" என்றாள். அவள் வீட்டுக்காரர் காவல்கம்பை எடுத்து அவள் கையில் கொடுத்தார். பதினைந்து நாள் குழந்தையோடு வெயிலில் உட்கார்ந்திருந்தாள். என் குடத்தையும் அவள்தான் தூக்கிவிட்டாள்.

அந்த வெட்கத்தில் என் வீட்டுக்காரரோடு மல்லுக்கட்டினேன். "ஓட்டு போனா போவுதுய்யா, வேலி போடு" என்று பிடுங்கியெடுத்தேன். குளத்தை இறைத்து, சேறு வாரி, வேலி போட்டார்கள். ஐப்பசி மழையில் நிரம்பியது. தங்கையை விருந்துக்கு அழைத்து, சொம்புத் தண்ணீரை அவள் கையில் கொடுத்தேன். குடித்தாள். "நல்லா கீதுக்கா, எங்க ஊரு மாதிரியே" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

கொஞ்ச நேரத்தில் குழந்தை அழுதது. அவள் பையிலிருந்து மூடி போட்ட தூக்குச்சட்டியை எடுத்து, தன் ஊர்க் குளத்துத் தண்ணீரை அதற்குப் புகட்டினாள். "கொயந்தைக்குத்தாங்க்கா" என்றாள், தலையைக் குனிந்துகொண்டு.

மறுபடியும் எனக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் உள்ளே போய் ஒரு டம்ளரை எடுத்து வந்து, "என் சின்னவனுக்கும் கொஞ்சம் ஊத்து" என்று நீட்டினேன்.